புதுச்சேரியிலிருந்து வெளிநாட்டில் வீடு: எந்த நாடு என்று முடிவு செய்வது எப்படி?

வெளிநாட்டில் வீடு வாங்கலாம் என்று எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் நாட்டை முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். கடலூர்க்காரர் என்றால் சிங்கப்பூர், மலேசியா, துபாய். புதுச்சேரிக்காரர் என்றால் பிரான்ஸ். அங்கே மச்சான் இருக்கிறார், மகள் இருக்கிறாள், ஒருமுறை போய்ப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அதில் தப்பில்லை. ஆனால் நாடு கடைசியாக முடிவாக வேண்டிய விஷயம். யார் பெயரில் வாங்குகிறோம், பணம் எந்த வழியில் போகிறது, அந்த நாடு நமக்கு எதை விற்கும், நாளைக்கு அதை விற்றுவிட்டு எப்படி வெளியே வருவது, இந்த நான்கையும் வரிசையாகக் கேட்டால் பாதிப் பட்டியல் தானாகக் கழிந்துவிடும்.

முதல் படி: யார் பெயரில்?

இந்தக் கேள்விக்குப் புதுச்சேரியில் இருக்கும் கனம் வேறு ஊரில் இருக்காது. 1962 ஆகஸ்ட் 16-ல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்படைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். ஒரே வீட்டில் கணவருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், மனைவிக்கு இந்திய பாஸ்போர்ட் என்பது இங்கே சாதாரணம். இருவருக்கும் விதி ஒன்றல்ல.

இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சொத்து வாங்குவதை ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2022-ல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. இந்தியாவில் வசிக்கும் வெளிநாட்டுக் குடிமகனின் வெளிநாட்டு வீட்டை அந்த விதிகள் தொடுவதில்லை. ஆனால் வருமான வரி பாஸ்போர்ட்டைப் பார்க்காது, எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கும். ஆண்டு முழுக்கப் புதுச்சேரியில் இருந்துகொண்டு, 'நான் பிரெஞ்சு நேஷனாலிட்டி, இங்கே எதற்குக் கணக்கு?' என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மூன்றாவது வகை, அங்கேயே வேலை பார்க்கும் பிள்ளை. அவர் என்.ஆர்.ஐ. அங்கே சம்பாதித்த பணத்தில் அங்கே வீடு வாங்க ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு எதுவும் அவரைக் கட்டுப்படுத்தாது. உள்ளூர் வங்கியில் கடனும் வாங்கலாம். அப்பா கடலூரில் மனையை விற்றுப் பணம் அனுப்புவதைவிட இது பல சமயம் மலிவு, தலைவலியும் குறைவு. வீடு பெரியவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்ற கௌரவம் குறுக்கே வராவிட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது படி: தங்குவதற்கா, வாடகைக்கா?

இரண்டுக்கும்தான் என்று சொல்லாதீர்கள். தங்குவதற்கு நல்ல வீடு கடலோரத்தில் இருக்கும், வாடகைக்கு நல்ல வீடு மெட்ரோ நிலையத்தின் பின்னால் இருக்கும்.

ஈ.சி.ஆர். ஓரம் சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் வாங்கிப் போட்ட வார இறுதி வீடுகளை நாம் தினமும் பார்க்கிறோம். உப்புக் காற்றில் கேட் துருப்பிடித்து, ஏ.சி.யின் வெளி யூனிட் இற்றுப்போய், வாட்ச்மேன் குடும்பம் மட்டும் குடியிருக்கும். காரில் மூன்று மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய வீட்டுக்கே இந்தக் கதி என்றால், விசா எடுத்து விமானம் ஏறிப் போக வேண்டிய வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அதனால் ஓய்வு வீடு என்றால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை நேரத்தைக் கணக்குப் போடுங்கள். சென்னை விமான நிலையத்துக்குப் போகவே நமக்கு மூன்று, நான்கு மணி நேரம். அங்கிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எல்லாம் நான்கு மணி நேரம் சொச்சம். பாரிஸ் என்றால் ஒரு நாளே போய்விடும். இன்னொன்று, வீடு வாங்கினால் விசா கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் வீடு இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட்காரர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் வாங்கினால் சட்டம் பிரெஞ்சு, பணம் யூரோ. ஆனால் அது ஷெங்கன் பகுதிக்குள் வராது, அதற்கான விசா தனி.

முதலீட்டு விசா கனவும் சுருங்கிவிட்டது. போர்ச்சுகல் 2023-ல் வீடு வாங்கினால் வசிப்புரிமை என்ற வழியை மூடியது, ஸ்பெயின் ஏப்ரல் 2025-ல் திட்டத்தையே நிறுத்தியது. கிரீஸ் தொகையை உயர்த்திவிட்டது. ஏதென்ஸ் பகுதியில் இப்போது 8 லட்சம் யூரோ. துபாயில் 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்துக்குப் பத்து ஆண்டு கோல்டன் விசா உண்டு.

மூன்றாவது படி: பணம் போகும் வழி

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில், தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் அனுப்பக்கூடியது 2,50,000 டாலர். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் தங்கள் வரம்புகளைச் சேர்த்து ஒரே வீட்டை வாங்கலாம். பணம் போட்டவர்கள் எல்லோர் பெயரும் பத்திரத்தில் இருப்பது நல்லது. மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று பிரித்தால் இரண்டு ஆண்டின் வரம்பும் கிடைக்கும்.

இதற்கு மேல் டி.சி.எஸ்., அதாவது அனுப்பும்போதே வங்கி முன்கூட்டி வசூலிக்கும் வரி. ஒருவர் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேலே போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் பிடித்துக்கொள்ளும். 80 லட்சம் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரே அனுப்பினால் 70 லட்சத்துக்கு 20 சதவீதம், அதாவது 14 லட்சம் தனியாகக் கையில் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கு 40 லட்சம் அனுப்பினால் 12 லட்சம். இது செலவல்ல, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் ரீஃபண்டாக வரும். ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். பலருக்கும் வங்கிக் கவுன்டரில் நிற்கும்போதுதான் இது தெரியவருகிறது.

செய்யக்கூடாதவை சில. இங்கே வங்கிக் கடன் எடுத்து அந்தப் பணத்தை இதற்கு அனுப்ப விதியில்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் குடும்பச் செலவு என்று நோக்கம் போட்டுவிட்டு வீடு வாங்கக் கூடாது. உண்டியல் (ஹவாலா) வழியே அனுப்பித் தருகிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாமல், வீட்டை விற்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள். வங்கி வழியே அனுப்பி, வாங்குவது நடக்காமல் போனால், 180 நாளுக்குள் வேறு அனுமதிக்கப்பட்ட முதலீட்டில் போட வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் ஹோட்டல் கண்காட்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏ.சி. ஹாலில் பளபளக்கும் கட்டட மாடல், தட்டில் முந்திரி பக்கோடா, கோட் போட்ட பையன் ஒருவன். 'சார், இன்னிக்கு மட்டும் இந்த ரேட். டோக்கன் அட்வான்ஸ் கார்டுலயே தட்டிடலாம்' என்பான். கார்டில் தட்டக் கூடாது. வெளிநாட்டுச் சொத்து மூலதனக் கணக்கில் வருவது, அன்றாடச் செலவு அல்ல. அதற்குப் பணம் வங்கி வழியாக, சரியான நோக்கத்தோடு போக வேண்டும். ஒரு சதவீதம் இப்போது, மிச்சம் அறுபது மாதத்தில் என்ற தவணைத் திட்டமானால், கையெழுத்துக்கு முன்னால் உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்றைக்கு மட்டும் என்ற விலை அடுத்த கண்காட்சியிலும் இருக்கும்.

இன்னொரு கணக்கு. கடலூரில் நிலம் விற்ற லாபத்தில் இந்தியாவில் வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரியில் விலக்கு கேட்கலாம். துபாயில் வாங்கினால் கேட்க முடியாது.

நான்காவது படி: எந்த நாடு எதை விற்கும்?

இனி நாடுகளைக் கழிக்கலாம்.

சிங்கப்பூர் முதலில் போகும். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் வீடு வாங்கினால் வழக்கமான முத்திரைக் கட்டணத்துக்கு மேல் 60 சதவீதம் கூடுதல் கட்டணம். 15 லட்சம் சிங்கப்பூர் டாலர் காண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) 9 லட்சம் அரசாங்கத்துக்கு. அங்கே நிரந்தர வசிப்புரிமை வாங்கிய பிள்ளைக்கு முதல் வீட்டுக்கு இது 5 சதவீதம்தான். ஆகவே சிங்கப்பூர் ஆசை என்றால் முதல் படிக்குத் திரும்பிப் போங்கள். கனடா 2023-லிருந்து வெளிநாட்டவர் குடியிருப்பு வாங்குவதைத் தடுத்து வைத்திருக்கிறது. நியூசிலாந்து 2018-லேயே கதவைச் சாத்தியது. ஆஸ்திரேலியா ஏப்ரல் 2025 முதல் ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளை வெளிநாட்டவருக்கு விற்பதை நிறுத்தியிருக்கிறது.

இலங்கை பக்கத்தில் இருக்கிறது, வடக்கிலும் கிழக்கிலும் பேச்சு தமிழ், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டார்கள். ஆனால் 2014-ன் சட்டப்படி வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் நான்காவது மாடியோ அதற்கு மேலோ உள்ள வீடு விதிவிலக்கு. யாழ்ப்பாணத்தில் தோட்டத்தோடு ஒரு வீடு என்ற கனவு அதோடு முடிந்தது. உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கலாம் என்று புரோக்கர் சொல்வார். தாய்லாந்திலும் இதே பேச்சுதான் பேசுவார்கள். பினாமி அங்கேயும் பினாமிதான். நண்பரோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

தாய்லாந்தில் வெளிநாட்டவருக்கு நிலம் கிடையாது, காண்டோ உண்டு. ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அந்த இடம் மீதி இருக்கிறதா என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும். பணம் வெளிநாட்டு நாணயமாக உள்ளே வந்ததற்கு அங்குள்ள வங்கி கொடுக்கும் சான்றைப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் சொந்தமாக நிலத்தோடு வீடும் வாங்கலாம். ஆனால் பல மாநிலங்களில் வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்ச விலை 10 லட்சம் ரிங்கிட், மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும், மலாய் ஒதுக்கீட்டு நிலம் கிடைக்காது. வீட்டுக்கான முத்திரைக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 2024-ல் 4 சதவீதமாக இருந்தது, 2026 ஜனவரி முதல் 8 சதவீதம். ஐந்து ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி, பிறகு 10. வாங்கிச் சட்டென்று விற்றுச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கான இடம் அல்ல. ஜொகூரில் கடலை நிரப்பிக் கட்டிய ஃபாரஸ்ட் சிட்டியில் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று ராத்திரி போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் தெளிவு வரும்.

மொரிஷியஸ் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், கோயிலும் காவடியும் உண்டு. அதனால் மனசு இளகுவது இயல்பு. வெளிநாட்டவர் பெரும்பாலும் அரசு ஒப்புதல் பெற்ற திட்டங்களில்தான் வாங்க முடியும். வசிப்பு அனுமதியும் சேர்ந்து வர 3,75,000 டாலர் தேவை. ஒருவரின் ஓராண்டு வரம்பில் அடங்காது.

பிரான்சில் யாரும் வாங்கலாம், தடை இல்லை. பழைய புதுச்சேரிப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு நொத்தேர் (பத்திரங்களை எழுதி உறுதி செய்யும் பிரெஞ்சு சட்ட அதிகாரி) என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே கிரயம் அவர் முன்னால்தான். பழைய வீட்டுக்கு அவர் வழியே போகும் கட்டணமும் வரியும் சேர்ந்து விலையில் 7, 8 சதவீதம். புதுக் கட்டடத்துக்கு 2, 3. முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு வாங்குபவர் மனசு மாற 10 நாள் அவகாசம் உண்டு. நம்ம ஊரில் அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். குடியிருப்பு வரியை முக்கிய வீடுகளுக்கு 2023-ல் எடுத்துவிட்டார்கள், ஓய்வு வீடுகளுக்கு எடுக்கவில்லை. நெருக்கடியான நகரங்களில் அதன் மேல் 60 சதவீதம் வரை கூடுதல். மலிவாகக் கிடைக்கும் பழைய அபார்ட்மென்டுக்கு மின்சக்தித் தரச் சான்றைக் கேளுங்கள். ஜி தரம் என்றால் 2025 ஜனவரியிலிருந்து புதிதாக வாடகைக்கு விட முடியாது. எஃப் தரத்துக்கு 2028, இ தரத்துக்கு 2034. விலை ஏன் இறங்கிக் கிடக்கிறது என்பதற்கு விடை பெரும்பாலும் அந்த ஒரு எழுத்தில் இருக்கும்.

இங்கிலாந்தில் வெளிநாட்டில் வசிப்பவருக்கு 2 சதவீதமும், வேறு வீடு ஏற்கெனவே இருந்தால் 5 சதவீதமும் கூடுதல் முத்திரைக் கட்டணம். நம்மிடம் புதுச்சேரியில் வீடு இருந்தால் அதுவும் கணக்கில் வரும். அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் குத்தகை உரிமை. எத்தனை ஆண்டு மீதி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

துபாயைக் கொஞ்சம் நெருக்கமாக

கண்காட்சிகள் அதிகம் விற்பது துபாயைத்தான், ஆகவே ஒரு கணக்கு. 10 லட்சம் திர்ஹாம் ஃபிளாட். நிலத் துறைக்கு 4 சதவீதம், புரோக்கருக்கு 2 சதவீதம், சில்லறைச் செலவு, மொத்தம் 10,65,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஆண்டுக்கு 65,000 வருகிறது. விற்பவர் இதைப் பார்த்து ஆறரை சதவீதம் என்பார்.

இப்போது கழியுங்கள். 700 சதுர அடிக்கு, அடிக்கு 15 திர்ஹாம் மெயின்டனன்ஸ் என்றால் 10,500. வாடகையைக் கவனிக்கும் ஏஜென்டுக்கு 5 சதவீதம், 3,250. ஒரு மாதம் காலி, 5,400. ஏ.சி., குழாய் ரிப்பேர் 2,000. மிச்சம் 43,850; போட்ட பணத்துக்கு நான்கு சதவீதம் சொச்சம். அங்கே வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் இந்தியாவில் வசிப்பவரின் உலக வருமானம் முழுவதும் இங்கே கணக்கில் வரும். அங்கே கட்டாததால் இங்கே கழிக்கவும் ஒன்றுமில்லை. மொத்தத்தில் இங்கே எஃப்.டி. போட்டால் வருவதைவிடக் குறைவு. பிறகு ஏன் வாங்குகிறார்கள்? திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. 2010-ல் டாலர் 45 ரூபாய் சுமாருக்கு இருந்தது, 2024 முடிவில் 85-ஐத் தாண்டியது. லாபம் வீட்டில் இல்லை, நாணயத்தில். அதைத் தெரிந்து வாங்குவது ஒன்று, 'ரெண்டல் இன்கம்' என்று நம்பி வாங்குவது வேறு. நாணயம் எதிர்ப்பக்கமும் அடிக்கும்: 2022-ல் இலங்கை ரூபாய் சில மாதங்களில் டாலருக்கு 200-லிருந்து 360-க்குப் போனது.

கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் வாங்கினால் பணம் பில்டர் கணக்குக்குப் போகக் கூடாது. 2007-ன் சட்டப்படி அந்தத் திட்டத்துக்கென்று தனி எஸ்க்ரோ கணக்கு, அதாவது கட்டட வேலைக்கு மட்டும் பணம் விடுவிக்கும் பாதுகாப்புக் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு எண்ணை நிலத் துறையின் பதிவோடு ஒத்துப் பாருங்கள். 2008-ல் விலை சரிந்தபோது பாதியில் நின்ற கட்டடங்கள் பல.

ஐந்தாவது படி: தெருவைத் தேர்ந்தெடுப்பது

நாடு ஒன்றிரண்டாகக் குறைந்த பிறகு போய்ப் பாருங்கள். பில்டர் டிக்கெட்டில் போகாதீர்கள். அவர் வண்டி அவர் காட்ட நினைக்கும் தெருவில் மட்டும்தான் போகும். சீசன் இல்லாத மாதத்தில், சொந்தச் செலவில், அதே பகுதியில் ஒரு வாரம் வாடகைக்குத் தங்குங்கள்.

தண்ணீர் எங்கே நிற்கும் என்பதைக் கேளுங்கள். 2011-ல் தானே, 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் என்று பார்த்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் வெளிநாடு போனால் மறந்துவிடுகிறோம். ஏப்ரல் 2024-ல் துபாய் சாலைகளில் கார்கள் மிதந்தன. கீழ்த்தள பார்க்கிங்கில் சுவரைப் பாருங்கள். தண்ணீர்க் கோடு பெயின்டுக்கு அடியிலும் தெரியும். லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸ்களைப் படியுங்கள், மெயின்டனன்ஸ் பாக்கி, தண்ணீர்த் தகராறு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

நாள் வாடகைக்கு விடலாம் என்ற நினைப்பு இருந்தால் சட்டத்தைக் கேளுங்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக விட முடியாது. தாய்லாந்தில் 30 நாளுக்குக் குறைந்தால் ஹோட்டல் சட்டம் குறுக்கே வரும். துபாயில் விடலாம், அனுமதி வாங்க வேண்டும்.

வக்கீல் உங்கள் வக்கீலாக இருக்க வேண்டும், பில்டர் சிபாரிசு செய்தவராக அல்ல. இங்கே வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல அங்கேயும் அடமானம், வரி பாக்கி, வழக்கு மூன்றையும் அவர் எழுத்தில் தர வேண்டும். பவர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வாங்குவதற்கு மட்டும் கொடுங்கள், விற்பதற்குச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

ஆறாவது படி: வெளியே வரும் வழியும் கணக்கும்

கட்டடத்தில் கடந்த ஓராண்டில் மறுவிற்பனையில் எத்தனை வீடு போனது என்று கேளுங்கள். பில்டர் புதிதாக விற்றது கணக்கில் வராது. மறுவிற்பனையே இல்லை என்றால் அங்கே வாங்குபவர்கள் கண்காட்சியில்தான் இருக்கிறார்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் இங்கே நீண்ட கால ஆதாய வரி 12.5 சதவீதம், அங்கே கட்டிய வரியை உரிய படிவம் கொடுத்துக் கழிக்கலாம்.

வாங்கிய நாளிலிருந்து ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வீட்டையும் அங்குள்ள வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். அந்த அட்டவணை நிதியாண்டுப்படி அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரை. வாடகையே வராவிட்டாலும் காட்ட வேண்டும். 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி காட்டாமல் விட்டால் அபராதம் 10 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு.

கடைசியாக உயில். பிரான்சில் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட பங்கை உயிலால் எடுத்துவிட முடியாது: ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றோ மேலோ என்றால் நான்கில் மூன்று. பிரிட்டனில் 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீத வாரிசு வரி. அமெரிக்காவில், அங்கே குடியிருக்காத வெளிநாட்டவருக்கு வாரிசு வரி விலக்கு 60,000 டாலர் மட்டுமே. ஆகவே அந்த நாட்டுச் சொத்துக்கு அங்கேயே தனி உயில் எழுதுங்கள். எழுதும்போது, இந்தியாவில் ஏற்கெனவே எழுதிய உயிலை இது ரத்து செய்யாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பத்திர நகல், பணம் அனுப்பிய வங்கி ரசீதுகள், உயில் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கு அது எந்த பீரோவில் இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.